முழங்கை மடிப்பு

துணி மடிப்புக்கு நிழல் போடும்போது கறுப்பைத் தொடவே கூடாது. நீலத் துணி என்றால் அதே நீலத்தைக் கொஞ்சம் ஆழமாக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கறுப்பை அப்பிவிட்டு, துணி ஏன் தகரம் மாதிரி இருக்கிறது என்று கேட்பார்கள்.

என் பெயர் கிரண், இன்ஸ்பெக்டர் மேடம். இங்கே பெங்களூரில், மல்லேஸ்வரத்தில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படம் வரைகிறேன், பெரும்பாலும் துணிக்கடைகளுக்கு. வீடு நீலசந்திராவில். அம்மா யசோதா, ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். அண்ணன் நாகேஷ் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் இருந்தான், குடி முற்றும்வரை. பிறகு குடியை நிறுத்தும் இல்லம் ஒன்றில் நான்கு மாதம் விட்டிருந்தோம்.

போன பிப்ரவரியில் ஒரு மதியம் அவன் அங்கிருந்து வீட்டுக்கு வந்தான். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். அவன் குடித்திருக்கவில்லை, முகம் தெளிவாக இருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிக்கொள்ள இருந்த ரக்ஷிதாவின் வீட்டார் எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது.

“சும்மா அம்மாவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்டா,” என்றான்.

“அம்மா உன்னப் பாக்க மாட்டேன்னுடுச்சுண்ணா. இனிமே வரவேணாம்னு சொல்லச் சொல்லுச்சு.”

“அம்மாவே சொல்லுச்சா?”

“ஆமா.”

தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, “அதுக்கு முட்டி வலி பரவால்லியா?” என்றான். பரவாயில்லை என்றேன். போய்விட்டான்.

அம்மா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது.

அவன் சொல்லாமல் போய்விட்டதாக இல்லத்திலிருந்து அம்மாவுக்கு ஃபோன் வந்தது. காணவில்லை என்ற புகாரை நான்தான் எழுதினேன். என்ன சட்டை என்பதை எழுதவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள் அல்லவா.

அடையாளம் தெரியாத உடல்களின் உடைகளை வரைந்து இணையத்தில் போடும் ஒரு குழுவுக்கு எங்கள் ஸ்டூடியோ உதவுகிறது. இறந்தவர்களின் புகைப்படம் என்றால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். படம் என்றால் நின்று பார்ப்பார்கள். புகார் கொடுத்த மூன்றாவது வாரம் எனக்கு வரைய ஒரு நீலக் கட்டச் சட்டையின் புகைப்படம் வந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியில் கிடைத்த உடல், முகம் தெரியவில்லை என்று குறிப்பு இருந்தது.

வலது முழங்கையில் ஒட்டு இருந்தது. சட்டையின் அடியிலிருந்தே துணி வெட்டி அம்மா தைத்தது. துணி போதாமல் சாய்வாக வைத்திருந்தாள். அங்கே மட்டும் கட்டங்கள் வேறு பக்கம் போகும்.

கட்டம் போட்ட துணி வரைவது கஷ்டம். ஒவ்வொரு கோடும் மடிப்புக்குள் வளைந்து போய், அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி வெளியே வர வேண்டும். இரண்டு நாள் வரைந்தேன். முதலில் ஒட்டை வரைந்தேன், தையல் தையலாக. பிறகு அதன்மேல் ஆழமாக ஒரு மடிப்பை வைத்தேன். ஃபைலைத் திறந்து மேலே இருக்கும் மடிப்பை நீக்கினால் ஒட்டு அடியில் அப்படியே இருக்கும். அதை வரையாமல் விட என்னால் முடியவில்லை. துணி அசல் மாதிரியே இருக்கிறது என்று குழுவிலிருந்து பாராட்டி எழுதினார்கள்.

அம்மா அந்தக் குழுவின் இணையப் பக்கத்தைத் தினமும் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள்.

“கிரணு, இது நாகேசு சட்ட மாதிரியே இருக்குதுடா.”

விரலால் முழங்கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஒட்டு இல்ல. நம்ம புள்ள இல்ல.”

தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். “பாவம், யாரு பெத்ததோ. அந்தம்மாக்கு யாரு போய்ச் சொல்லுவாங்க?”

நான் தட்டில் இருந்த மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். கேட்டு யாரும் வராததால் உடலை அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த யாரோ ஒரு பிள்ளைக்காக அம்மா அமாவாசைதோறும் விளக்கு ஏற்றுகிறாள். மற்ற நாட்களில் நாகேஷுக்கும் சேர்த்து சோறு வடிக்கிறாள்.

அவள் நம்பிக்கையோடு இருக்கட்டும் என்றுதான் மறைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. உடல் யாருடையது என்று தெரிந்தால், இவ்வளவு தூரம் வந்தவன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று அவள் கேட்பாள். அண்ணனை அந்த ஏரிக்கு அனுப்பியது நான். யாருமில்லாதவனாக மண்ணுக்குள் வைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, மேடம். மடிப்பைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள். அவன் அன்றைக்கு மதியம் வந்ததை மட்டும் சொல்லாதீர்கள். அவள் தாங்க மாட்டாள்.