பக்கிரியின் பென்சில் வட்டங்கள்

மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் வடகொள்ளிட இலக்கிய அவையின் தலைவர், பெரியவர் வைத்திலிங்கம் அவர்களே! செயலாளர் மணிவண்ணன் அவர்களே! முன்வரிசை சோபாக்களை நிறைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பரிசு பெற்ற எழுத்தாளர்களே, இனிமேல் பெறப்போகிறவர்களே! கடலூர் முதுநகரில் விடிந்ததும் பஸ் ஏறி, எல்லாருக்கும் முன்னால் இந்தச் சிதம்பரத்து மண்டபத்துக்கு வந்து, எல்லாருக்கும் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மங்கம்மா, ஆரோக்கியம்மாள் உள்ளிட்ட தாய்மார்களே! தந்தையைப் பறிகொடுத்து இருபது நாள்கூட ஆகாத மகள் சுவேதா! உங்கள் எல்லோருக்கும் இந்த மகேஸ்வரியின் வணக்கம்.

எனக்குப் பின்னால் தொங்கும் பிளெக்ஸைப் பாருங்கள். "இலக்கியச் செம்மல், திறனாய்வுத் திலகம் பக்கிரி அவர்களுக்குப் புகழஞ்சலி." செம்மல்! திலகம்! மாரடைப்பு வந்து சாகும்வரை நம் அவையில் அவர் என்னவாக இருந்தார்? பதினைந்து ஆண்டு அழைப்பிதழ்களையும் நேற்று எடுத்துப் பார்த்தேன். வாழ்த்துரை, நோக்கவுரை, சிறப்புரை, ஏற்புரை என்று யார் யாரோ இருக்கிறார்கள். கீழே, நன்றியுரைக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரே ஒரு முறை அவர் பெயர் வருகிறது. "மதிய உணவு ஏற்பாடு: பக்கிரி."

அந்தப் படத்தையும் பாருங்கள். கட்டம் போட்ட சட்டையில் சிரிக்கிறாரே, அது எப்போது எடுத்தது தெரியுமா? ஆண்டு விழாவில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது எடுத்தது. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனவர் தற்செயலாக அதில் விழுந்துவிட்டார். நம்மிடம் அவருடைய வேறு படம் கிடையாது. கூடையை வெட்டினார்கள், தலைவரையும் வெட்டினார்கள். ஆனாலும் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு துணி எட்டிப் பார்க்கிறதல்லவா? அது தலைவரின் பொன்னாடைதான்.

யார் இந்தப் பக்கிரி? முதுநகரில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனியில் முப்பது ஆண்டுகள் ஐஸ் பார் உடைக்கும் மிஷினில் வேலை பார்த்தவர். மீனவர் வீட்டுப் பிள்ளை. பத்தாம் வகுப்பு. அந்தப் பத்தாம் வகுப்பைத்தான் நாம் எத்தனை தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம்! ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் அத்தனை முனைவர் பட்டங்களும் சேர்ந்து படித்ததைவிட அவர் அதிகம் படித்தார். நூலகத்தில் படித்தார், பழைய பேப்பர் கடையில் படித்தார். நாம் கையெழுத்திட்டு ஒருவருக்கொருவர் பரிசளித்து, பிரிக்காமலே எடைக்குப் போட்ட புத்தகங்களும் அதில் உண்டு. எனக்கு மணிவண்ணன் அன்புடன் கொடுத்த கவிதைத் தொகுதியை அவர்தான் கொண்டுவந்து என்னிடம் திருப்பித் தந்தார்.

அவர் முதல்முதலாக நம் கூட்டத்துக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பரிசு பெற்ற ஒரு சிறுகதைக்குப் பாராட்டு நடந்தது. பௌர்ணமி இரவில் ஏழை மீனவன் தனியே கடலுக்குப் போகிறான், வலையை வீசிவிட்டுக் கடல் தாயிடம் தன் வறுமையைச் சொல்லி ஆறு பக்கம் அழுகிறான். நாமும் அழுதோம். கடைசியில் கேள்வி நேரம். பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"ஐயா, நெலா அப்பிடிக் காயுறப்போ வலையில மீன் படுறது கம்மிங்க. அவுரு எந்த வலைய எடுத்துகினு போனாரு?"

எழுத்தாளர் என்ன சொன்னார்? "அது குறியீடு" என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். குறியீட்டுக்கு வலை எதற்கு? குறியீட்டுக்குப் பசிக்குமா என்ன? பக்கிரி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் செயலாளர் அவரைத் தேடிப் போய்ப் பேசினார். இலக்கியம் பேசவா? இல்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு, ஆண்டு விழாவுக்கு வஞ்சிரம் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்டார். அன்று தொடங்கியது அவருடைய இலக்கியப் பணி.

இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தினோமே, "இலக்கியத்தில் வர்க்க முரண்பாடுகள்" என்று, மறந்துவிட்டதா? பதினேழு கட்டுரைகள்! அடித்தட்டு மக்கள், விளிம்பு மக்கள், உழைக்கும் மக்கள் என்று மைக் சூடாகும்வரை முழங்கினோம். மதியம் என்ன நடந்தது? கட்டுரையாளர்களுக்கு மாடியில் தலைவாழை இலை. கார் ஓட்டி வந்தவர்களுக்கும் மைக் செட்காரருக்கும் பக்கிரிக்கும் கீழே காகிதத் தட்டு. அதுவும் மாடியில் பந்தி முடிந்த பிறகு. யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. யாரும் சொல்லாமலே அப்படி நடந்தது. வர்க்கத்தைப் பற்றிப் பதினேழு பேர் பேசிய கட்டடத்தில், ஒருவர் கண்ணுக்கும் அந்த மாடிப்படி தெரியவில்லை. பக்கிரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார், "மேடம், பதினெட்டாவது கட்டுர இங்க கீழதான் நடக்குது."

இனி, ஐஸ் கம்பெனிக்கு வருகிறேன். கூடைக்கு ஐஸ் வாங்க மீன்காரப் பெண்கள் காலையில் வரிசையில் நிற்பார்கள். கரண்டு போய்விட்டால் மிஷின் நின்றுவிடும். மிஷின் நின்றால் பக்கிரி புத்தகத்தை எடுத்துவிடுவார். ஏழைகளைப் பற்றி நாம் எழுதிய கதைகளை அந்த ஏழைகளுக்கே வாய்விட்டுப் படிப்பார். கையில் ஒரு பென்சில். நாம் அழச் சொன்ன இடத்தில் அவர்கள் சிரித்தால் ஓரத்தில் ஒரு வட்டம் போடுவார். அவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டால் ஒரு கோடு. சலித்துப்போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் அவருடைய திறனாய்வுக் கோட்பாடு! நாமெல்லாம் வெளிநாட்டுப் பெயர்களை வாய் சுளுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இதைத்தான் செய்தார்.

நம் புத்தகங்களில் எத்தனை வட்டங்கள் விழுந்தன தெரியுமா? நம் கதைகளில் ஏழை சிரிப்பதே இல்லை. ஒன்று குடிப்பான், இல்லையென்றால் தத்துவம் பேசுவான். அவன் மனைவி கந்தல் புடவையில் சிலைபோல நிற்பாள். அவன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தே தீரும். அந்த ஓரங்கள் எல்லாம் வட்டம் வட்டமாக இருக்கின்றன. அவர்களுக்குக் கேலி பேசத் தெரியும், வம்புக்கு இழுக்கத் தெரியும், நம்மை எடைபோடவும் தெரியும் என்று நாம் ஒரு வரி எழுதியிருக்கிறோமா?

கோடு விழுந்த கதைகளும் உண்டு. பேர் தெரியாத ஒருவர் எழுதிய சின்னக் கதை ஒன்று. வேலைக்காரப் பெண் துலக்கி வைத்த டம்ளரை, அவள் குடித்ததும் வீட்டுக்காரம்மா தனியே எடுத்து வைக்கிறாள். எழுதியவர் அந்த வீட்டுக்காரம்மாவின் பிள்ளை. தன் தாயைத் திட்டவுமில்லை, வேலைக்காரியைத் தெய்வமாக்கவுமில்லை. டம்ளர் அலமாரியில் எந்தத் தட்டில் இருந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது கரண்டு வந்துவிட்டதாம். மிஷினைப் போட வேண்டாம், முடித்துவிட்டுப் போடு என்றாராம் ஆரோக்கியம்மாள். இதை என்னிடம் சொல்லிவிட்டுப் பக்கிரி ஒன்று சொன்னார். நம் அவை தன் வாழ்நாளில் கேட்ட ஒரே உருப்படியான திறனாய்வு அதுதான்.

"ஏழையப் பத்தி எழுதாதீங்கன்னு நான் சொல்லல மேடம். எங்க வூட்டுக்குள்ள என்னா நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. உங்க வூட்டு வாசல்ல எங்கள எங்க நிக்க வச்சீங்கன்னு தெரியுமில்ல? அத எழுதுங்க."

இதையெல்லாம் அவர் கட்டுரையாக எழுதினார். நாற்பது பக்க நோட்டு முழுக்க எழுதி, பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் கொடுத்தார். நம் காலாண்டிதழின் ஆசிரியர் நான்தானே! "யார் சிரித்தார்கள்?" என்று தலைப்பு. "நடையைக் கொஞ்சம் செம்மைப்படுத்த வேண்டும், அடுத்த இதழில் பார்க்கலாம்" என்றேன். மூன்று ஆண்டு விழாக்களில் கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். நான்காம் ஆண்டு அவர் கேட்கவில்லை. மீனை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நடையா காரணம்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதன் இருபத்திரண்டாம் பக்கத்தில் நான் இருக்கிறேன். "கூடையின் ஈரம்" என்று நான் ஒரு கதை எழுதினேன். கொட்டும் மழையில் ஒரு மீன்காரி, பசியோடு இருக்கும் ஆசிரியைக்குத் தன் கடைசி மீனைக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று சிரித்தபடி போகிறாள். பரிசு கிடைத்தது. பாடப்புத்தகத்தில் வந்தது. எத்தனை பிள்ளைகள் அதன் மையக்கருத்தை மனப்பாடம் செய்தார்கள்! ஐஸ் கம்பெனியில் இதைப் படித்தபோது மங்கம்மா கேட்டாராம், "அந்தப் பொம்பள எந்தத் தெருவுல விக்கிறா? சொன்னா நாங்களும் போயி வாங்கிக்குவமே!" என் கதைக்கு மட்டும் ஒன்பது வட்டங்கள் விழுந்தன என்று அந்தப் பக்கத்தில் குறித்திருந்தார். அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். அதற்குக் கீழே பக்கிரி எழுதிய இரண்டு வரிகளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "மழையைப் பற்றி ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டார்களா என்று எழுதவில்லை."

கூப்பிடவில்லை. அது நடந்த கதைதான். என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து, குடைக்கடியிலிருந்து பேரம் பேசி வாங்கினேன். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய், அவளைத் தேவதையாக்கி எழுதினேன். ஒரு மனிதர் என் வீட்டுப் பக்கமே வராமல், என் கதையை மட்டும் படித்துவிட்டு, என் கேட்டைக் கண்டுபிடித்துவிட்டார்! அதனால்தான் அந்த நோட்டைப் பதினோரு ஆண்டுகள் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வட்டமெல்லாம் என்மேல் மட்டும்தான் விழுந்தது என்று சொல்லிக்கொள்ள இந்த மேடைக்கு உரிமையில்லை. உங்கள் கதைகளும் அதில் இருக்கின்றன.

அந்த நோட்டில் என்ன இருக்கிறதென்று தலைவரிடம் மட்டும் அப்போதே சொல்லியிருந்தேன். இன்று காலை அவர் எனக்குப் போன் செய்தார். நினைவு மலர் போடுகிறோம், அந்தக் கட்டுரையில் "பொருத்தமான பகுதிகளை" மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றார். "செத்தவரு பேருக்கு எதுக்கும்மா பொல்லாப்பு?" என்றார். யாருடைய பேருக்கு ஐயா பொல்லாப்பு? கூடையை வெட்டிவிட்டுப் படத்தைப் போட்டது போதாதா? கட்டுரையிலும் கத்திரி வைக்க வேண்டுமா?

துக்கத்துக்குப் போன அன்று சுவேதா என்னை ஓரமாக அழைத்துப் போனாள். அழவில்லை. "மேடம், அப்பாவோட நோட்டு ஒண்ணு உங்ககிட்ட இருக்குதாம். குடுத்தீங்கன்னா நாங்க பாத்துக்குவோம்" என்றாள். "தேடிப் பார்க்கிறேன்" என்றேன். பிணம் கிடந்த வீட்டில் நின்றுகொண்டு அந்தப் பொய்யைச் சொன்னேன். எனக்கு அதைவிடக் கேவலமான நாள் ஒன்று இல்லை.

இரங்கல் கூட்டம் என்றால் முடிவில் சூளுரை வேண்டும். அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று நாமும் இதே மேடையில் எத்தனை பேருக்குச் சூளுரைத்திருக்கிறோம்! எந்தப் பணியைத் தொடர்ந்தோம்? சாப்பிடும் பணி ஒன்றுதான் தடையின்றி நடக்கிறது. அந்தச் சூளுரை இன்று வேண்டாம். பக்கிரியின் பணியைத் தொடர நமக்குத் தகுதியில்லை. அதைச் செய்யக்கூடியவர்கள் பின்னால் நிற்கிறார்கள்.

இதோ அந்த நோட்டு, என் கைப்பையில் இருக்கிறது. சுவேதா, மேடைக்கு வாம்மா. இந்தா, வாங்கிக்கொள். ஒரு வரி குறையாமல் நீங்களே அச்சுக்குக் கொடுங்கள். மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடு, வருகிறேன். வேண்டாமென்றாலும் சரி.

முன்வரிசைப் பெருமக்களே, கொஞ்சம் எழுந்திருங்கள். மங்கம்மா, ஆரோக்கியம்மாள், எல்லாரும் வந்து அந்தச் சோபாவில் உட்காருங்கள். அவர்கள் நிற்பதில் தவறில்லை, நீங்கள் வாருங்கள். "கூடையின் ஈரம்" கதையை முதல் வரியிலிருந்து படிக்கப்போகிறேன். இது துக்க வீடாயிற்றே என்று தயங்க வேண்டாம். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். பக்கிரிக்கு அதுதான் அஞ்சலி.

படிக்கிறேன். "கொட்டும் மழையிலும் அவள் முகத்தில் ஒரு தெய்வீகப் புன்னகை தவழ்ந்தது..."

அடக்காதீர்கள், மங்கம்மா. நன்றாகவே சிரியுங்கள்.

சுவேதா, பென்சில் வைத்திருக்கிறாயா? முதல் வரிக்கே ஒரு வட்டம் போட்டுக்கொள்.