ஈர்க்குச்சி அளவு

பிள்ளைகளே, கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகும் பஸ்ஸில் இதைக் கேட்டேன். முன் சீட்டில் ஒரு தாயும், காலில் கட்டுப் போட்ட அவள் மகளும் இருந்தார்கள். என்ன ஆச்சு என்று பக்கத்தில் இருந்த அம்மாள் விசாரித்தாள்.

"ஒரு ஈர்க்குச்சி பண்ணுன வேலைங்க இது."

"ஈர்க்கு குத்திருச்சா?"

"இல்லீங்க. இவ அப்பா துபாய் போறப்ப, வெளக்கமாத்து ஈர்க்குல இவ கால் அளவை ஒடிச்சு எடுத்துட்டுப் போனாரு. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் அந்த அளவுல ஷூ வந்துச்சு. விரலை மடக்கி மடக்கிப் போட்டிருக்கா, கழுதை. சீழ் வச்சப்பதான் எனக்கே தெரியும். இன்னிக்கு நகத்தையே எடுத்துட்டாங்க."

"கால் வளராதா? அவர்கிட்ட சொல்லலையா?"

"இவ விட மாட்டேங்குறா. அப்பா அழுவாராம்."

அப்போது போன் அடித்தது. மகள் கட்டுக் காலை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, வீடியோவில் முகத்தைக் காட்டினாள்.

"ஷூ எப்படிம்மா இருக்கு?"

"சூப்பரா இருக்குப்பா."

"அந்த ஈர்க்கு இன்னும் என் பர்ஸ்லதான் இருக்கு தங்கம். அதே அளவுல இன்னொரு ஜோடி எடுத்துட்டேன்."

"தேங்க்ஸ்ப்பா" என்றாள் மகள். தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.