ஈர வாடை

— ‘துவைச்ச துணி எப்படி டீச்சர் நாறும்?’ அஞ்சாம் வகுப்புல ஒரு பிள்ள எந்திரிச்சு உங்ககிட்டக் கேட்டுச்சு. ஞாபகம் இருக்கா?

— முப்பத்தி நாலு வருஷம் பாடம் எடுத்திருக்கேன். எத்தனையோ பிள்ளைங்க, எத்தனையோ கேள்வி. நீ யாரும்மா? சேலையைக் கையில வச்சுக்கிட்டு என்னைக் கேள்வி கேக்குற. லாண்டரிக்கு எடுத்துக்கிறியா, இல்லையா?

— நான் உமாதேவி, டீச்சர். போடியில உங்க கிளாஸு. ஏலக்காக் கடையில காய் தரம் பிரிச்சாகளே மூக்கம்மா, அவுக மக. இந்த லாண்டரி என்னதுதேன்.

— உமாவா? ஒல்லியா, ரெட்டைச் சடை போட்டு... கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தேனியில கடை போடுற அளவுக்கு வந்துட்டியே.

— வந்துட்டேன். நீங்க வராந்தாவுல உக்கார வச்ச பிள்ள இன்னைக்கு மூணு மிஷின் வச்சு ஊர்த் துணியத் துவைக்கிது.

— வராந்தாவுலயா?

— அந்தக் கேள்வி என்னையப் பத்தித்தேன் டீச்சர். கிளாஸே சிரிச்சுச்சு. நீங்க சிரிக்கல. வெளிய போயி உக்காருன்னீக. ஆடி மாசச் சாரல். இருந்தது ஒரே யூனிபாரம். பொழுதடைய அலசிப் போட்டா விடியங்காட்டியும் எங்கன காயும்? எங்கம்மா அடுப்புக்கு மேல கொடி கட்டிப் போடும். போட்டுக்கிட்டு வந்தா பாதி ஈரம், பாதி புகை.

— நாப்பது பிள்ளைங்க இருந்த கிளாஸ் உமா. பக்கத்துல உக்கார மாட்டேன்னு மத்ததுங்க அடம் பிடிச்சா நான் என்ன செய்ய? ஆனா ஒண்ணு பாரு. ஒதுக்கி வச்ச ரெண்டே நாள்ல நீ காஞ்ச துணி போட்டு, மடிப்புக் கலையாம வந்த. நானே திரும்ப உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். கண்டிச்சாத்தான் வீட்டுல கவனிப்பாகன்னு ஸ்டாஃப் ரூம்ல உன்னைத்தான் உதாரணம் சொல்லுவேன். புரியுதா?

— நல்லாப் புரியுது டீச்சர். சேலைய வச்சுட்டுப் போங்க. புதன்கிழமை வந்து வாங்கிக்கோங்க.

— எனக்கு ஞாயித்துக்கிழமை காலையில வேணும்.

— இன்னைக்கே வெள்ளி. மேலச் சாரல் வேற நிக்காம விழுகுது. உங்களுக்கு முன்னால பன்னெண்டு மூட்டை கிடக்கு. உங்க சேலையும் கொஞ்ச நாளு ஓரமா உக்காரட்டுமே.

— குத்திக் காட்டுற. சரி, காட்டு. ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லைன்னு சொல்லிடாத.

— மோந்து பாத்தேன். சோப்பு வாசம். அது மேல செண்டு வாசம். அது மேல பாச்சை உருண்டை. எல்லாத்துக்கும் அடியில ஈர வாடை அப்படியே கிடக்கு. யாரு துவைக்கிறது?

— என் மகன் ஜஸ்டினோட பெண்டாட்டி, கிருபாவதி. அவளையும் குத்தம் சொல்ல முடியாது. காலையில மிஷினைப் போட்டுட்டு பேங்க்குக்கு ஓடுறா. சாயங்காலம் வந்துதான் துணியை எடுக்குறா.

— அம்புட்டு நேரமும் துவைச்ச துணி உள்ளயே வெந்துக்கிட்டுக் கிடக்குமா? நீங்க எடுத்துக் காயப்போட்டா என்ன?

— ஒரு தடவை கதவை இழுத்து உடைச்சுட்டேன். மிஷின் பக்கமே போகாதீங்கம்மான்னுட்டான் மகன்.

— பவுடரு எம்புட்டுப் போடுறாக?

— வாடை போகலைன்னு ரெண்டு மடங்கு போடுறா.

— அதேன். அலசிப் போகாத பவுடரு நூலுக்குள்ளயே தங்கிரும். வாடை அதுலதேன் குடியிருக்கும். பாதி போட்டாப் போதும். மிஷின் வாயில ரப்பர் வளையம் இருக்கும், அதை விரிச்சுப் பாக்கச் சொல்லுங்க, கருப்பாப் பூத்திருக்கும். அதைத் துடைச்சு, வெறும் மிஷின ஒருக்கா சுடுதண்ணியில ஓட்டி, கதவைத் தொறந்தே போடணும். துவைச்சு முடிச்ச துணி அரைமணி நேரத்துக்கு மேல உள்ள கிடக்கக் கூடாது.

— நான் சொன்னா, மிஷின்ல இல்லை அத்தை, உங்க ரூம்லதான் நாத்தம்னுவா. போன மாசமே சொல்லியாச்சு.

— நானே ஒரு நாளு வந்து சொல்றேன், விடுங்க. ஞாயித்துக்கிழமை அப்படி என்ன விசேஷம்?

— விசேஷம் இல்லை. நினைவு ஜெபம். போன வாரம் சர்ச்ல என் பக்கத்துல இருந்த பொம்பளை முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டு எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிட்டா. வீட்டுக்கு வந்ததும் கிருபாவதி சொல்றா, இந்த ஞாயிறு நீங்க வீட்டிலேயே இருங்க அத்தை, போன்ல லைவ் போட்டுத் தரேன்னு. ஜஸ்டின் பக்கத்துலதான் நின்னான். செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிட்டான். பெத்த மக ஜெபத்தை நான் போன்ல பாக்கணுமா உமா?

— மகளா? எந்த மக டீச்சர்?

— எனக்கு ஏது ரெண்டு மக? இவாஞ்சலின்தான். உன் கூடப் படிச்சவதானே. காய்ச்சல்னு படுத்தா, கோயம்புத்தூர்ல. எட்டே நாள். ரெண்டு வருஷம் ஆச்சு. இந்தச் சேலை அவ முதல் சம்பளத்துல எடுத்துக் குடுத்தது. அதான் இதையே கட்டணும்னு... ஏன் உமா உக்காந்துட்ட?

— இவா செத்துப்போச்சா?

— உனக்குத் தெரியாதா?

— யாரும் சொல்லலையே டீச்சர். ஆறாவதுக்கு நீங்க வேற ஸ்கூல்ல சேத்துட்டீக. அப்புறம் நான் பாக்கவே இல்ல.

— இரு, இரு. அந்தக் கேள்வியைக் கேட்டது அவதான், இல்லையா? வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

— இவாதேன்.

— அதுக்கு அவளும் நல்லா வாங்கிக்கிட்டா. நான் இஸ்திரி போட்டு அனுப்புற யூனிபாரம். முதல் பீரியட்ல வந்து நோட்டை நீட்டுறா, அவ மேல அதே வாடை. எங்கடி நனைஞ்சேன்னா, குழாயடியில விழுந்துட்டேன்றா. மறுநாளும் குழாயடி. அதுக்கு மறுநாளும். அடுத்த பிள்ளையைக் கேலி பண்ணிட்டு நீயே நாறிக்கிட்டு வர்றியான்னு வீட்டுல வச்சு ஸ்கேலால உள்ளங்கையில போட்டேன். சாரல் நிக்கிற வரைக்கும் வாரத்துல மூணு நாள் அடிதான். வேற வார்த்தையே வரலை அவ வாயில.

— அடிச்சீகளா?

— அடிச்சேன். இப்போ ஜெபம் பண்ணக் கண்ணை மூடினா அந்தச் சின்னக் கைதான் முன்னாடி வருது. எதுக்கு அப்படிப் பொய் சொன்னான்னு அவகிட்டக் கேக்காமலே விட்டுட்டேன்.

— டீச்சர்...

— சொல்லு.

— ஒண்ணுமில்ல. நீங்க கட்டியிருக்கிற சேலையிலயும் வாடை இருக்கு. உள்ள ரூம்புல போயி அதையும் அவுத்துப் போடுங்க. அலமாரில என் சேலை ஒண்ணு இருக்கு, நீலக் கலரு. நல்லாக் காஞ்சது.

— உன் சேலையா? வேண்டாம்மா. யாரு சேலைன்னு வீட்டுல கேப்பா.

— குழாயடியில விழுந்துட்டேன்னு சொல்லுங்க.

— கேலி பண்றியா?

— இல்ல டீச்சர். சத்தியமா இல்ல. போயி மாத்துங்க.

— ...கொசுவம் சரியா இருக்கா பாரு. எத்தனை நாளாச்சு உமா, உடம்புல இப்படிக் காஞ்ச துணி பட்டு.

— நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு ரெண்டு சேலையும் உங்க வீட்டு வாசல்ல இருக்கும். நானே கொண்டாருவேன். அப்படியே உங்க கூட சர்ச்சுக்கு வந்து பக்கத்துல உக்காந்துக்கிறேன்.

— நீயா? நீ வீரபாண்டிக் கோயிலுக்குப் போறவளாச்சே.

— வருஷந்தவறாம அக்கினிச் சட்டி எடுக்குறவதேன். நான் பக்கத்துல உக்காந்தா உங்க சாமி எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிருமா?

— போக மாட்டார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

— அப்ப சரித்தேன். ஆட்டோ நிக்குது. படி வழுக்கும், கம்பியப் பிடிச்சு இறங்குங்க.

— உமா. நீ இன்னும் என் மேல கோவமாத்தான் இருக்க, இல்லையா?

— இருக்கேன் டீச்சர். போயிட்டு வாங்க.

— சரிம்மா. வரேன்.

— போயிட்டாக, இவா. கடையில ஆளு இல்ல, நீயும் நானுந்தேன். சொல்லல பாத்தியா. வாய் வரைக்கும் வந்துச்சு. கக்கூசுக்குப் பின்னால நின்னு தினமும் உன் காஞ்ச யூனிபாரத்தைக் கழட்டி எனக்குக் குடுத்துட்டு, என் ஈரத்தை நீ மாட்டிக்கிட்ட. சாயங்காலம் மணி அடிச்சதும் திரும்ப மாத்திக்குவோம். ‘நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது உமா, அம்மாட்ட மட்டும் சொல்லிராத’ன்ன. முப்பது வருஷமாச் சொல்லல. இன்னைக்குச் சொல்லியிருந்தா, உன்னைய அடிச்ச கை அவுகளத் திருப்பி அடிக்கும். வீட்டுல ஆளிருந்தும் ஒத்தையில இருக்குற மனுசி, எப்படித் தாங்குவாக? அதேன் முழுங்கிட்டேன்.

— ஆனா இவா, அடி வாங்குறேன்னு என்கிட்டயும் சொல்லலையே நீ. மறுநாள் காலையில வந்து அதே கையாலதான பித்தானக் கழட்டுன?

— தண்ணி சுட்டுருச்சு. இந்தச் சேலைய மிஷின்ல போட மாட்டேன் இவா, கையாலயே அலசுறேன். உங்கம்மா என் காஞ்ச சேலையக் கட்டிக்கிட்டுப் போறாக. ஈரம் என்கிட்ட இருக்கு.