ஆறிய கரைசலில் அளந்தவன்

தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் பேராசிரியர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ஆய்வு மாணவர்களே, அக்காவின் கணவரான எங்கள் தையற்கடை மாமா அவர்களே! நம் ஆய்வக உதவியாளர், 'வெந்நீர் அக்கா' என்று நாம் எல்லோரும் அழைத்தவர், நம்மை விட்டுப் போய் ஒன்பது நாள் ஆகிறது. எழுந்து நிற்கவே எனக்குச் சோர்வாக இருக்கிறது. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாவை இருபத்தாறு ஆண்டுகள் வளர்த்தவர் அக்கா. எழுபது டிகிரியில் அரை டிகிரி குறைந்தாலும் பொறுக்கமாட்டார். "இதுங்களுக்கு ஜன்னி கண்டுடும் சார்" என்பார். பெற்ற பிள்ளையைக்கூட யார் இப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

அந்த பாக்டீரியாவுக்குள் சர்க்கரையை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. உடைத்தது போதும் என்றானதும், ஒரு சின்ன மூலக்கூறு அந்த நொதியின் வேறொரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். நொதியின் உருவம் லேசாக மாறும், வேலை நின்றுவிடும். வண்டிக்கு பிரேக் போடுவது போலத்தான். அதிக வெப்பத்தில் இந்த பிரேக் பிடிக்காது என்று கட்டுரை எழுதியவன் நான். அதற்கு விருது வாங்கியவன் நான். வரவேற்பறைப் படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவனும் நான்தான்!

அது தவறு, நண்பர்களே.

கட்டுரை வெளியான வாரமே அக்கா என் அறைக்கு வந்தார். "சார், ஆறின கரைசல்ல பிஹெச் பார்த்திருக்கீங்க. எழுபதுக்குப் போனா அது இறங்கி அமிலம் ஏறிடுமே, அப்புறம் பிரேக் எப்படிப் பிடிக்கும்? சூட்டோடயே பார்க்கணும் சார்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, நீங்க போய் பாத்திரத்தைக் கழுவுங்க" என்றேன்.

அவர் கழுவினார். கழுவி முடித்து, சூட்டோடு அளந்து, சோதனையை முதலிலிருந்து செய்தார். பிரேக் பிடித்தது! மூன்று முறை செய்தார், மூன்று முறையும் பிடித்தது. அந்தத் தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பதினோரு ஆண்டுகள்! ஒன்றை மறைத்துக்கொண்டே தினமும் வேலைக்கு வருவது எவ்வளவு அலுப்பு என்று உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நேற்று மாமாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும் சார். யார்கிட்டயும் உங்களை விட்டுக்கொடுக்க மாட்டா. அவசரத்துல அளந்துட்டாரு, ஒருநாள் அவரே வாய்விட்டுச் சொல்லிடுவாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார்.

இயக்குநர் அவர்களே, என் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இன்று காலை அனுப்பிவிட்டேன். அக்காவின் அளவுகள் அக்காவின் பெயரிலேயே வெளிவரும். மாணவர்களே, மிச்சச் சோதனைகளை நாம் சேர்ந்து முடிப்போம், அவர் காட்டிய முறையில். இது என் உறுதிமொழி.

அக்கா, வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இத்தனை பேர் கேட்டுவிட்டார்கள். நீங்கள்தான் கேட்கவில்லை.