லாபு குளத்தில் மணி அடிக்கவில்லை

கரவோக்கேயில் முதல் பாட்டைப் பாட யாரும் முன்வரமாட்டார்கள். மேலாளர்தான் கொஞ்சம் சுருதி தவறிப் பாடவேண்டும். அதைக் கேட்டுச் சிரித்த பிறகு மற்றவர்கள் மைக்கைப் பிடிப்பார்கள். லாபுவில் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் உல்லாச விடுதியில் கேளிக்கைப் பிரிவை அப்படிப் பாடிப் பாடித்தான் வளர்த்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. குணாளன் என்றால் விருந்தினர்களுக்குத் தெரியும்.

போன வருடம் ரோகினி துணை மேலாளராக வந்தாள். நல்ல பெண். அவள் கொண்டுவந்த சிஸ்டம் முன்பதிவுகளைக் கவனித்தது, விளையாட்டுகளுக்கு நேரம் ஒதுக்கியது. நீச்சல்குளத்தைக் கேமராவில் பார்த்து, யாராவது தத்தளித்தால் மணியும் அடித்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "குணா, உங்க வேலையில பாதிய அது செஞ்சிடுது லா. அடுத்த வருஷம் ஒரு மேனேஜர் போதும்னு நினைக்கிறேன்."

எந்த மேனேஜர் என்று நான் கேட்கவில்லை. விஷயம் ரோகினி காதுக்கும் போயிருக்கிறது. "கவலப்படாதீங்கண்ணே, ஆளுங்கள சிரிக்க வைக்க நீங்கதான் வேணும்" என்றாள். ஆறுதல் சொல்லும் இடத்துக்கு அவள் வந்துவிட்டாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். புஷ்பவள்ளி அக்காவைத்தான் பொறுக்க முடியவில்லை. பாரோயிலிருந்து மாதந்தோறும் தோழிகளோடு வருபவர். பல வருடமாக என்னோடு பாடியவர். ஒருநாள் மேசையில் இருந்த கேக்கைக் காட்டினார்.

"ரோகினியோட சிஸ்டம் என் பொறந்தநாள ஞாபகம் வச்சிருக்கு தம்பி. இத்தன வருஷத்துல நீ ஒரு தடவ கேட்டியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அடுத்த முறை அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, சிஸ்டத்தில் குளத்து மணியை நிறுத்திவைத்தேன். நீந்துபவர்களைக் காக்கும் குளத்துக் காவலரை ஹாலில் நாற்காலி அடுக்க அனுப்பினேன். யாராவது தண்ணீரில் தடுமாறுவார்கள். இயந்திரம் சும்மா இருக்கும். நான் குதித்துத் தூக்குவேன். அவ்வளவுதான் என் எண்ணம். நான் நன்றாக நீந்துவேன்.

ஆழமான பக்கத்தில் புஷ்பவள்ளி அக்காவுக்குக் கால் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கினார். என்னைத்தான் பார்த்தார். தோழிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காதபோது குதித்து என்ன பயன்? அவர்கள் திரும்பட்டும் என்று நின்றேன்.

முதலில் பார்த்தவள் ரோகினி. அலுவலகத்திலிருந்து ஓடிவந்து காலில் போட்டிருந்த சப்பாத்தோடு குதித்தாள். அவளுக்குப் பிறகு நானும் குதித்தேன். மருத்துவமனை போய்ச் சேருமுன் அக்கா போய்விட்டார்.

மணி அடிக்காததற்கு ரோகினிதான் பொறுப்பு என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சிஸ்டத்தையும் கழற்றிவிட்டார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சாவு வீட்டில் அக்காவின் மகள் திலகா ரோகினியைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மாவுக்காக ஓடி வந்தது நீங்க ஒருத்தர்தான்கா" என்று அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. வேலை போன பிறகும் எல்லாம் அவளுக்குத்தான் கிடைக்கிறது, ஐயா.

அதனால்தான் வந்தேன். மணியை நிறுத்தியது நான். குளத்துக் காவலரை அனுப்பியது நான். குதிக்காமல் நின்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: மனிதன் பார்ப்பதுபோல இயந்திரம் பார்க்காது. அக்கா மூழ்கும்வரை நான் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.