இளஞ்சிவப்பு அங்கிக்கு விழுந்த கும்பிடு

தியான மண்டபத்தின் தலைவர் அவர்களே! மௌனத்தாலேயே எங்களை ஆளும் மூத்த பிக்குகளே! மாண்டலே வெயிலையும் மதியாது வந்திருக்கும் பெரியோர்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் தான் டுன் என்னும் இந்த எளியவனின் தாழ்மையான வணக்கம்.

பதினான்கு முகாம்களில் அமர்ந்தவன் என்று பட்டயம் கொடுத்தீர்கள். உள்ளிருந்து மாறியது எப்படி என்று பேசச் சொன்னீர்கள். மாறினேனா? கேளுங்கள்!

ஒவ்வொரு தண்ணீர்த் திருவிழாவுக்கும் ஊரே நனைந்து ஆட, நான் பழுப்பு உடையில் பத்து நாள் வாய் திறவாது அமர்ந்தேன். மூச்சைப் பார்த்தேன், மூக்கு நுனியைப் பார்த்தேன், மூட்டுவலியைப் பார்த்தேன். என் முன்கோபத்தை மட்டும் பார்க்கவில்லை! முடிவில் முறைப்படி முழங்காலிட்டு, புத்தரிடமும் குருவிடமும் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எட்டுத் திக்கு உயிர்களுக்கும் அன்பு அனுப்பினேன். என்னைக் கடித்த கொசுவுக்கும் அனுப்பினேன், ஐயா! வீடு திரும்பியதும், மொகிங்கா மீன்சாறு ஆறிவிட்டதென்று கிண்ணத்தை என் மனைவி யின் மியாவின் மேல் வீசினேன்.

யாரது பின்வரிசையில் சிரிப்பது? சிரியுங்கள். அவளும் சிரித்தாள்.

"ஏங்க, நீங்க முகாமுக்குப் போற பத்து நாள்தான் இந்த வீட்டுல தியானம் நடக்குது" என்றாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா? புருஷன் பெண்டாட்டியைக் கும்பிடுவதா? நம் ஊரில் எவன் கும்பிட்டான்? பண்டிகை தோறும் அவளல்லவா என் காலில் விழுந்து, செய்யாத பிழைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள்! நானும் மகான் மாதிரி, "நல்லா இரு" என்பேன். வெட்கக்கேடு!

போன மழைக்காலத்தில், அக்கரை சகாயிங் மடத்தில் துறவு பூண அவள் சம்மதம் கேட்டாள். எல்லாப் பெண்களையும்போலப் பத்து நாள்தானே இருப்பாள் என்று தலையாட்டினேன். தலை மழித்தாள், இளஞ்சிவப்பு அங்கி அணிந்தாள். திரும்பவே இல்லை.

சென்ற மாதம், தலையில் தட்டோடு என் வாசலுக்கே அரிசித் தானம் வாங்க வந்தாள். என் நெஞ்சு வெடித்துவிட்டது, ஐயா! நெற்றி மண்ணில் பட மூன்று முறை விழுந்தேன்.

"யின் மியா, நான் செஞ்சதெல்லாம் தப்பு. என்னை மன்னிச்சிடும்மா!"

நான் எழும்வரை பொறுமையாக நின்றாள்.

"உபாசகரே, நீங்க கும்பிட்டது இந்த அங்கியை. நான் பூப்போட்ட லுங்கி கட்டிக்கிட்டு அடுப்படியில நின்னப்போ ஒரு தரம் தலை குனிஞ்சிருந்தா, இன்னிக்கும் அங்கேயேதான் நின்னிருப்பேன்."

அரிசியை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

தலைவர் மணியைத் தொடுகிறார். இருங்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். அங்கியில்லாமல் அவள் வந்திருந்தால் விழுந்திருப்பேனா? சத்தியமாகச் சொல்கிறேன், விழுந்திருக்க மாட்டேன்! ஏன் இத்தனை நாள் என்று அதட்டியிருப்பேன்!

இங்கே கண்மூடி அமரும் ஆண்மக்களே! உங்கள் வீட்டுப் பெண்கள் இன்னும் பூப்போட்ட துணியில்தான் இருக்கிறார்கள். இன்று போனதும் அவர்கள்முன் தலை குனிய முடியுமா? முடியாதென்றால் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்து போங்கள்!

கசந்தாலும் பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி. தாய்மார்களே, உங்களுக்கு மட்டும் இன்னொரு முறை என் வணக்கம்.