உப்பில்லாக் கஞ்சி

— சவ்வரிசின்னு சொல்லி ஏமாத்தப் பாக்குறியா, வேலாயி? நாக்குல பட்டதுமே கரிக்குது. என்னடி இது?

— கடல்பாசி, அத்தே. போதுமா? வாயத் தொறங்க.

— கடலா? தூக்கிக்கிட்டுப் போ அங்கிட்டு!

— போக மாட்டேன். வயித்துக்கடுப்பு வந்ததுலேருந்து ஒரு பருக்கை தங்கல உங்களுக்கு. ஏதாச்சும் உள்ள போனாத்தான் பொழைப்பீங்கன்னு தோட்டத்து மருந்துக்கார ஐயா சொல்லிட்டாரு. உங்க மகன் லயத்து வீட்டு வாசல்ல நின்னு அழுவுறாரு. எனக்கு அழ நேரமில்ல.

— எங்கடி புடிச்ச இத?

— பதுளை டவுனுக்கு எறங்கி ஸஹாப்தீன் நானா கடையில வாங்கியாந்தேன். கற்பிட்டிப் பக்கம் கடலுக்குள்ள செவப்பா படர்ந்து கெடக்குமாம். அலசிக் காயவெச்சு, மறுபடி அலசி, வெளுத்தாத்தான் மூட்டை கட்டுவாங்களாம். அவுங்க வீட்டுல நோன்பு தொறக்குறப்ப காஞ்ச வயித்துக்கு இதத்தான் குடுப்பாங்களாம். வழுக்கிக்கிட்டு எறங்கும், புண்ண ஆத்தும், தெம்பு குடுக்கும்!

— விக்கிறவரு வேற என்ன சொல்லுவாரு?

— அவரு பொண்டாட்டி புள்ள பெத்துக் கெடந்தப்ப இதக் காச்சிக் குடுத்துத்தான் எழுப்பி உக்கார வெச்சாராம்.

— கருவாடே தொடாதவ நான். கடல்ல உள்ளது எனக்கு வேணாம்.

— இதுல ரத்தமா, முள்ளா? கீரை மாதிரி, அத்தே. கடல்ல உள்ளது வேணாம்னா உப்பு எங்கேருந்து வருதாம்?

— நான் உப்புப் போட்டுக் கஞ்சி குடிச்சு நீ பாத்திருக்கியா?

— அது… சாமிக்கு நேர்ந்துக்கிட்டதுன்னுல்ல நெனச்சேன்.

— எந்தச் சாமிக்குடி? இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வரத் தூத்துக்குடியில கப்பலேறுனப்ப எம் மூத்தவன் அழகருக்கு நாலு வயசு. உம் புருசன் அப்ப பொறக்கவே இல்ல. நடுக்கடல்ல பேதி கண்டுச்சு. “பசிக்குது ஆத்தா”ன்னான். குடுக்கக் கையில ஒண்ணுமில்ல. மூச்சு அடங்குனதும் சாக்குல சுத்தித் தண்ணியில போட்டுட்டாங்க. அவன் கெடக்குற தண்ணியில வெளைஞ்சத எப்புடிடி திம்பேன்?

— அத்தே, கிண்ணத்தக் கீழ வைக்க மாட்டேன். ஒரு புள்ள கடலோட போயிருச்சு. இன்னொரு புள்ள வாசல்ல நிக்குது.

— …ஏன் புள்ள, செவப்பா படர்ந்து கெடக்கும்னியே. நெறைய கெடக்குமா?

— வயக்காடு மாதிரியாம். அள்ள அள்ள மாளாதாம்.

— சின்னப் புள்ளைங்க திங்குமா?

— பல்லு மொளைக்காதது கூடத் திங்கும்.

— அப்ப எம் புள்ள இத்தன வருசமும் பசியோட கெடக்கல. கொண்டா அந்தக் கிண்ணத்த.